தந்திக் கம்பத்துக் கண்ணாடி இன்சுலேட்டர்களும் அவற்றின் தேடலும்

தந்தி, தொலைபேசிக் கம்பிகளை மரக் கம்பங்களின் மேல் தாங்கி நின்ற பழைய இன்சுலேட்டர்களைத் தேடிச் சேகரிப்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பலருடைய பொழுதுபோக்காகும். கைவிடப்பட்ட கம்பித் தடங்களிலும் இரயில் பாதையோரங்களிலும் கிடைக்கும் இக்கண்ணாடிப் பொருள்கள், 19ஆம் நூற்றாண்டின் தகவல் தொடர்பு வரலாற்றுக்குச் சான்றுகளாகவும் விளங்குகின்றன.

பயன்பாடும் வளர்ச்சியும்

சாமுவேல் மோர்சின் தந்தித் தடம் வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே 1844இல் செயல்படத் தொடங்கியது. மழையில் நனைந்த மரக் கம்பம் மின்சாரத்தைக் கடத்தும். அதனால் செய்தி சென்று சேருமுன் மின்சாரம் நிலத்தில் கசிந்துவிடும். இதைத் தடுக்கவே கம்பிக்கும் கம்பத்துக்கும் இடையே கண்ணாடி வைக்கப்பட்டது. கவிழ்த்த கிண்ணம் போன்ற வடிவத்தால், வெளிப்புறம் நனைந்தாலும் உட்புறம் உலர்ந்தே இருந்தது.

தொடக்ககால இன்சுலேட்டர்களின் உட்புறத் துளை வழவழப்பானது. மர முளையின் மேல் செருகப்பட்ட அவை, கம்பியின் இழுப்பில் எளிதில் கழன்றன. துளைக்குள் திருகுப் புரி அமைக்கும் முறைக்கு லூயி கோவே 1865இல் காப்புரிமை பெற்றார். எனவே அமெரிக்கத் தடங்களில் கிடைக்கும் புரியற்ற இன்சுலேட்டர்கள் பெரும்பாலும் பழமையானவை. சேகரிப்போர் அவற்றைப் பெரிதும் மதிக்கின்றனர்.

காலத்தைக் கணித்தல்

கண்ணாடியின் மேல் உள்ள எழுத்துகள் காலத்தை அறிய உதவுகின்றன. ஆனால் அவற்றை அப்படியே நம்ப இயலாது. ஹெமிங்ரே நிறுவனத்தின் பல இன்சுலேட்டர்களில் 1893 மே 2 என்ற நாள் உள்ளது. இது விளிம்பின் அடியில் நீர் சொட்டுவதற்காக அமைந்த சிறு முனைகளின் காப்புரிமை நாள். உற்பத்தி நாள் அன்று.

நிறமும் ஒரு குறிப்பே. மணலில் கலந்த இரும்பினால் நீலப்பச்சை நிறம் உண்டாகிறது. நிறத்தை நீக்க மாங்கனீசு சேர்த்த கண்ணாடி, பல ஆண்டுகள் வெயிலில் நின்று ஊதா நிறமாகிறது. செயற்கைக் கதிர்வீச்சாலும் இந்நிறத்தை உண்டாக்கலாம் என்பதால் போலிகளும் விற்பனைக்கு வருகின்றன.

கிடைக்கும் இடமும் சட்டமும்

கண்டத்தின் இரு கரைகளையும் இணைத்த முதல் தந்தித் தடம் 1861 அக்டோபரில் நிறைவுற்றது. 1869இல் இரயில் பாதை இணைந்ததும் தந்தி அதன் ஓரமாக மாறியது. நெவாடா, யூட்டா பாலைநிலங்கள் வழியே சென்ற பழைய தடம் கைவிடப்பட்டது. கம்பங்கள் மறைந்த இடங்களில், மண்ணில் கிடக்கும் கண்ணாடித் துண்டுகளே அத்தடம் சென்ற வழியைக் காட்டுகின்றன.

இந்நிலங்களில் பெரும்பகுதி மத்திய அரசுக்கு உரியது. 1979ஆம் ஆண்டின் தொல்லியல் வளப் பாதுகாப்புச் சட்டப்படி, அரசு நிலத்தில் உள்ள நூறாண்டுக்கு மேற்பட்ட தொல்பொருள்களை அனுமதியின்றி எடுப்பது குற்றம். இரயில் நிறுவன நிலத்தில் நுழையவும், தனியார் நிலத்தில் தேடவும் உரியவரின் ஒப்புதல் வேண்டும். கைவிடப்பட்டதுபோல் தோன்றும் கம்பத்திலும் மின்னோட்டம் இருக்கக்கூடும் என்பதால் அதில் ஏறுவது உயிருக்கு ஆபத்தானது.

சேகரிப்பாளர்களின் பங்கு

இத்துறையை ஒழுங்குபடுத்தியவர்கள் சேகரிப்பாளர்களே. என். ஆர். வுட்வர்டு வகுத்த வடிவ எண் முறை இன்றும் வழக்கில் உள்ளது. தேசிய இன்சுலேட்டர் சங்கம் 1973இல் தொடங்கப்பட்டது. பொருளாதார மதிப்பற்றவையென எறியப்பட்ட பொருள்களிலிருந்து நிறுவனங்களின் வரலாறு இவர்களால் மீட்கப்பட்டது.

எனினும் கிடைத்த இடத்தைக் குறிக்காமல் எடுக்கப்படும் ஒவ்வொரு இன்சுலேட்டரோடும் தடத்தின் சான்று ஒன்று அழிகிறது. தயாரித்தவர் யார் என்பதை அலமாரியில் உள்ள கண்ணாடியும் சொல்லும். கம்பி எவ்வழியே சென்றது என்பதை அது கிடந்த இடம் மட்டுமே சொல்லும்.