காசில் பிராவோ

காசில் பிராவோ என்பது ஐக்கிய அமெரிக்கா 1954 மார்ச் 1 அன்று பசிபிக் பெருங்கடலில் உள்ள பிகினி பவளத்தீவில் நடத்திய ஐதரசன் குண்டுச் சோதனையின் குறிப்பெயர் ஆகும். இதன் வெடிப்புத் திறன் 15 மெகாதொன். அந்நாடு நடத்திய அணு ஆயுதச் சோதனைகளுள் இதுவே மிகப் பெரியது. இதனால் எழுந்த கதிரியக்கத் தூசி மார்சல் தீவு மக்கள் மீது படிந்தது. இது பற்றிய விவரங்களை அமெரிக்க அரசு பல பத்தாண்டுகளில் சிறிது சிறிதாகவே வெளியிட்டது.

பின்னணி

மார்சல் தீவுகள் 1947 முதல் ஐக்கிய நாடுகள் அவையின் பொறுப்பாட்சிப் பகுதியாக அமெரிக்காவின் நிருவாகத்தில் இருந்தன. பிகினி, எனிவெட்டாக் பகுதிகளில் 1946 முதல் 1958 வரை 67 சோதனைகள் நடத்தப்பட்டன. 1946 ஆம் ஆண்டின் சிறிய குண்டுகளுக்காக ரொங்கெலாப் தீவு மக்கள் முன்னரே இடம் மாற்றப்பட்டனர். 1954 இல் அவ்வாறு செய்யப்படவில்லை.

வெடிப்பும் பாதிப்பும்

குண்டின் திறன் சுமார் 6 மெகாதொன் என்றே கணிக்கப்பட்டிருந்தது. வினையில் பங்கு கொள்ளாது எனக் கருதப்பட்ட லித்தியம்-7 ஐசோடோப்பும் எரிபொருளாகச் செயற்பட்டதால் திறன் இரு மடங்குக்கும் மேலாகக் கூடியது. தூளான பவளப்பாறை, 150 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள ரொங்கெலாப்பில் வெண்ணிறச் சாம்பலாக விழுந்தது. மக்களுக்கு வாந்தி, தோல் புண், முடி உதிர்தல் ஆகியன ஏற்பட்டன. அருகிலுள்ள ரொங்கெரிக் தீவில் இருந்த 28 அமெரிக்கர்கள் மார்ச் 2 அன்றும், ரொங்கெலாப் மக்கள் மார்ச் 3 அன்றும், உட்டிரிக் மக்கள் மார்ச் 4 அன்றும் வெளியேற்றப்பட்டனர்.

தகவல் வெளியீடு

1954 மார்ச் 11 அன்று அமெரிக்க அணுசக்தி ஆணையம் வெளியிட்ட அறிக்கை, 28 அமெரிக்கரும் 236 தீவு மக்களும் எதிர்பாராத விதமாகக் கதிர்வீச்சுக்கு உட்பட்டனர் என்றும், எவருக்கும் தீக்காயம் இல்லை, அனைவரும் நலம் என்றும் கூறியது. சில நாட்களில் தோல் புண்கள் தோன்றின. அதே மாதம் 23 மீனவர்களுடன் சப்பான் திரும்பிய ஐந்தாம் புகுரியு மாரு என்னும் படகின் மூலம் செய்தி உலகெங்கும் பரவியது.

ரொங்கெலாப் மக்கள் 1957 இல் ஊர் திரும்ப அனுமதிக்கப்பட்டனர். 1963 முதல் அவர்களிடையே தைராய்டு கட்டிகள் கண்டறியப்பட்டன. 1978 இல் நடத்தப்பட்ட கதிரியக்க அளவீட்டின் முடிவுகளை அமெரிக்க எரிசக்தித் துறை 1982 இல் மார்சலிய மொழியிலும் நூலாக வெளியிட்டது. தம் நிலத்தின் சில பகுதிகள் பிகினிக்கு ஒப்பான மாசு உடையவை என்பதை அதன் வழி அறிந்த மக்கள், 1985 இல் கிரீன்பீசு அமைப்பின் கப்பலில் தாமாகவே ஊரை விட்டு வெளியேறினர். வெடிப்புக்கு முந்தைய நள்ளிரவிலேயே காற்றின் போக்கு சாதகமற்றதாக மாறியிருந்தது என்பதும் 1982 இல் வெளியான ஓர் அரசு அறிக்கையால் தெரிய வந்தது.

1990களில் மேலும் பல மறை ஆவணங்கள் வெளியிடப்பட்டன. 1994 இல் அமைக்கப்பட்ட மனிதக் கதிர்வீச்சுப் பரிசோதனைகள் பற்றிய ஆலோசனைக் குழு, மக்கள் வேண்டுமென்றே கதிர்வீச்சுக்கு உட்படுத்தப்பட்டதற்குச் சான்று இல்லை என முடிவு செய்தது. தீவு மக்கள் பலர் இதனை ஏற்கவில்லை.

இழப்பீடு

1986 இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையின்படி அமெரிக்கா 15 கோடி டாலர் வழங்கியது. இது 1990களின் ஆவணங்கள் வெளிவருவதற்கு முன் செய்யப்பட்டதாகும். புதிய தகவல்களைக் காட்டி மார்சல் தீவுகள் அரசு 2000 இல் கூடுதல் இழப்பீடு கோரியது. அமெரிக்க அரசு 2005 இல் அதனை ஏற்க மறுத்தது. அணு இழப்பீட்டுத் தீர்ப்பாயம் 2007 இல் ரொங்கெலாப் மக்களுக்கு 100 கோடி டாலருக்கும் மேல் வழங்குமாறு தீர்ப்பளித்தது. எனினும் தீர்ப்பாயத்திடம் அதற்குரிய நிதி இருக்கவில்லை.

மார்ச் 1 மார்சல் தீவுகளில் தேசிய நினைவு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.