மூளைசார் செயற்கை நுண்ணறிவும் நனவுநிலையும்

மூளைசார் செயற்கை நுண்ணறிவு என்பது மனித, விலங்கு மூளைகளின் கட்டமைப்பையும் செயற்பாட்டையும் முன்மாதிரியாகக் கொண்டு அறிவுத்திறன் உடைய பொறிகளை உருவாக்க முயலும் ஆய்வுத்துறை ஆகும். நரம்பணு வலையமைப்பைப் பின்பற்றும் மென்பொருள்கள், நரம்பணுக்களைப் போல இயங்கும் மின்னணுச் சில்லுகள், மூளைப் பகுதிகளின் கணிமைப் படிமங்கள் ஆகிய மூன்றும் இதில் அடங்கும். மூளையை ஒத்த பொறி ஒன்று உருவானால் அதற்கு நனவுநிலை உண்டாகுமா என்பது இத்துறையோடு சேர்ந்தே எழும் வினா ஆகும். இதற்கு அனைவரும் ஏற்ற விடை இன்னும் கிடைக்கவில்லை. தமிழ்நாட்டில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் (ஐஐடி) இத்துறை சார்ந்த ஆய்வுகள் நடைபெறுகின்றன.

சொல் விளக்கம்

நனவுநிலை என்பது ஓர் உயிர் தனக்கு நேர்வதைத் தன் அனுபவமாக உணரும் நிலையைக் குறிக்கும். தமிழில் உணர்வுநிலை, பிரக்ஞை ஆகிய சொற்களும் இப்பொருளில் வழங்குகின்றன. அறிவுத்திறனும் நனவுநிலையும் ஒன்றல்ல. அறிவுத்திறன் என்பது ஒரு செயலைச் செய்து முடிக்கும் ஆற்றல். நனவுநிலை என்பது அச்செயலின்போது உள்ளே ஏதேனும் உணரப்படுகிறதா என்பதைப் பற்றியது. எடுத்துக்காட்டாக, வெப்பமானி உடலின் வெப்பத்தைச் சரியாக அளந்து எண்ணாகக் காட்டுகிறது. ஆனால் காய்ச்சலில் கிடப்பவர் உணரும் வெம்மை வெப்பமானிக்கு இல்லை. சதுரங்கம் ஆடும் கணினி, மொழிபெயர்க்கும் மென்பொருள் ஆகியவற்றுக்கும் இவ்வேறுபாடு பொருந்துமா என்பதே விவாதத்தின் அடிப்படை.

மூளையின் அமைப்பு

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. இவற்றுள் ஏறத்தாழ 6,900 கோடி சிறுமூளையிலும், 1,600 கோடி பெருமூளைப் புறணியிலும் அமைந்துள்ளன. நரம்பணுக்கள் மின் துடிப்புகள் மூலம் செய்தி அனுப்புகின்றன. இரு நரம்பணுக்கள் சந்திக்கும் இடம் நரம்பிணைப்பு எனப்படும். கற்றலின்போது நரம்பிணைப்புகளின் வலிமை மாறுகிறது. இக்கருத்தை டொனால்ட் ஹெப் 1949 இல் வெளியிட்ட நூலில் முன்வைத்தார்.

மூளை முழுவதும் இயங்க ஏறத்தாழ 20 வாட் ஆற்றலே தேவைப்படுகிறது. பெரிய மென்பொருள்களைப் பயிற்றுவிக்கும் கணினி மையங்களுக்கு இதைப் போலப் பல்லாயிரம் மடங்கு மின்சாரம் தேவை. மூளையைப் பின்பற்ற அறிவியலாளர்கள் முனைவதற்கு இது முதன்மையான காரணங்களுள் ஒன்றாகும்.

வரலாறு

வாரன் மெக்கல்லக், வால்ட்டர் பிட்ஸ் ஆகியோர் 1943 இல் நரம்பணுவின் முதல் கணிதப் படிமத்தை வெளியிட்டனர். பிராங்க் ரோசன்பிளாட் 1958 இல் கற்கும் திறனுடைய பெர்செப்ட்ரான் என்னும் வலையமைப்பை விளக்கினார். அதன் வரம்புகளை மார்வின் மின்ஸ்கி, சீமோர் பேப்பர்ட் ஆகியோர் 1969 இல் சுட்டிக்காட்டியபின் ஆர்வம் குன்றியது.

டேவிட் ஹியூபெல், டார்ஸ்டன் வீசல் ஆகியோர் பூனையின் பார்வைப் புறணியில் செய்த ஆய்வுகள் 1981 இல் நோபல் பரிசு பெற்றன. கோடுகளையும் விளிம்புகளையும் தனித்தனி நரம்பணுக்கள் இனங்காண்கின்றன என்னும் அக்கண்டுபிடிப்பை அடியொற்றி, குனிஹிகோ ஃபுகுஷிமா 1980 இல் நியோகாக்னிட்ரான் என்னும் வலையமைப்பை உருவாக்கினார். இன்று ஒளிப்படங்களில் முகங்களை அடையாளம் காணும் மென்பொருள்கள் பல இதன் வழிவந்தவை. ஜான் ஹாப்ஃபீல்டின் நினைவு வலையமைப்பு 1982 இலும், பிழையைப் பின்னோக்கிப் பரப்பித் திருத்தும் முறையைப் பரவலாக்கிய கட்டுரை 1986 இலும் வெளிவந்தன. ஹாப்ஃபீல்டும், அக்கட்டுரையின் ஆசிரியர்களுள் ஒருவரான ஜெஃப்ரி ஹிண்டனும் 2024 இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இன்றைய பெரும் மொழிப் படிமங்கள் 2017 இல் அறிமுகமான டிரான்ஸ்ஃபார்மர் என்னும் அமைப்பைப் பெரும்பாலும் பயன்படுத்துகின்றன. இவை மூளையிலிருந்து எடுத்துக்கொண்டவை சிலவே. இவற்றின் 'நரம்பணு' என்பது பெருக்கலும் கூட்டலும் செய்யும் ஒரு கணிதக் கோவை மட்டுமே ஆகும்.

நரம்புருச் சில்லுகள்

வழமையான கணினியில் நினைவகமும் கணிப்பகமும் தனித்தனியே உள்ளன. தரவு இவற்றுக்கிடையே ஓயாமல் சென்றுவருவதால் ஆற்றல் செலவாகிறது. மூளையில் நினைவும் கணிப்பும் ஒரே இடத்தில் நிகழ்கின்றன. இவ்வமைப்பைச் சிலிக்கானில் கொண்டுவரும் முயற்சி நரம்புருக் கணிமை (நியூரோமார்ஃபிக்) எனப்படும். கார்வர் மீட் 1980களில் இதற்கு அடித்தளமிட்டார். அவருடன் இணைந்து மிஷா மஹோவால்ட் சிலிக்கான் விழித்திரையை உருவாக்கினார்.

தர்மேந்திர மோதா தலைமையில் ஐபிஎம் நிறுவனம் 2014 இல் வெளியிட்ட ட்ரூநார்த் சில்லில் 10 இலட்சம் செயற்கை நரம்பணுக்களும் 25.6 கோடி நரம்பிணைப்புகளும் இருந்தன. அது ஏறத்தாழ 70 மில்லிவாட் ஆற்றலில் இயங்கியது. இன்டெல் நிறுவனம் 2024 இல் அறிவித்த ஹாலா பாயிண்ட் என்னும் அமைப்பில் 1,152 சில்லுகளும் ஏறத்தாழ 115 கோடி செயற்கை நரம்பணுக்களும் உள்ளன.

இந்தியாவில் ஆய்வுகள்

சென்னை ஐஐடியில் பேச்சு அறிதல் ஆய்வில் ஈடுபட்ட பி. யக்ஞநாராயணா 1999 இல் வெளியிட்ட செயற்கை நரம்பு வலையமைப்புகள் பற்றிய ஆங்கிலப் பாடநூல் இந்தியப் பொறியியல் கல்லூரிகளில் பரவலாகப் பயன்பட்டது. அக்கழகத்தின் உயிரித்தொழில்நுட்பத் துறையைச் சேர்ந்த வி. சீனிவாச சக்கரவர்த்தி மூளையின் அடிக்கருவணுத் தொகுதிகளுக்கான கணிமைப் படிமங்களை ஆய்ந்து, அவற்றைக் கொண்டு பார்கின்சன் நோயின் அறிகுறிகளை விளக்க முற்பட்டவர்.

இன்ஃபோசிஸ் நிறுவனர்களுள் ஒருவரும் அக்கழகத்தின் முன்னாள் மாணவருமான கிரிஸ் கோபாலகிருஷ்ணன் 2015 இல் வழங்கிய நிதியால் கணிமை மூளை ஆய்வுக்கென மூன்று சிறப்புப் பேராசிரியர் இருக்கைகள் நிறுவப்பட்டன. அவற்றுள் ஒன்றை ஏற்ற மிருகாங்க சூர், முன்னதாக ஃபெரட் என்னும் சிறு விலங்கில் செய்த ஆய்வுகளால் அறியப்பட்டவர். பிறந்தவுடன் அவ்விலங்கின் கண்ணிலிருந்து வரும் நரம்புச் செய்தி கேட்டல் புறணிக்குத் திருப்பிவிடப்பட்டபோது, அப்புறணி பார்வைக்கு ஏற்ப அமைந்தது. அவ்வழி வந்த செய்தியை விலங்கு ஒளியாகவே எடுத்துக்கொண்டது என்பதை 2000 இல் வெளியான கட்டுரை காட்டியது. புறணியின் ஒவ்வொரு பகுதியின் பணியும் பிறப்பிலேயே முற்றாக வகுக்கப்பட்டுவிடுவதில்லை, வரும் செய்தியே அதைப் பெரிதும் உருவாக்குகிறது என்பது இதன் பொருள். பொதுவான கற்றல் முறை ஒன்றைத் தேடும் பொறியியலாளர்களுக்கு இது ஊக்கம் அளித்தது.

2022 இல் அங்கு சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் தொடங்கப்பட்டது. இம்மையம் 2024 டிசம்பரில் தரணி என்னும் பெயரில் மனிதக் கருவின் மூளை வரைபடத் தொகுப்பை இலவசமாக வெளியிட்டது. இதில் கருக்காலத்தின் இடைப்பட்ட மூன்று மாதங்களைச் சேர்ந்த மூளைகளின் 5,132 வெட்டுத் துண்டங்கள் உயிரணு அளவில் எண்ணிமப்படுத்தப்பட்டுள்ளன.

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள், 16,500 கடத்துநிலைகளைத் தாங்கி நினைவும் கணிப்பும் ஒருங்கே செய்யும் மூலக்கூற்றுப் படலம் ஒன்றை 2024 இல் 'நேச்சர்' இதழில் விளக்கினர்.

நனவுநிலைக் கோட்பாடுகள்

மூளை செய்யும் பணிகளை விளக்குவது எளிய சிக்கல் என்றும், அப்பணிகளோடு அனுபவம் ஏன் சேர்ந்து வருகிறது என்பதே கடினச் சிக்கல் என்றும் மெய்யியலாளர் டேவிட் சால்மர்ஸ் 1995 இல் பிரித்துக் காட்டினார். முதன்மையான கோட்பாடுகள் சில வருமாறு:

1. பொதுப் பணிக்களக் கோட்பாடு: பெர்னார்ட் பார்ஸ் 1988 இல் முன்வைத்தது. மூளையின் தனிப்பகுதிகள் மறைவாகப் பணிபுரிகின்றன. அவற்றுள் ஒரு செய்தி எல்லாப் பகுதிகளுக்கும் அறிவிக்கப்படும்போது அது நனவுக்கு வருகிறது. பள்ளி அறிவிப்புப் பலகையில் எழுதப்பட்ட செய்தி எல்லா வகுப்புகளுக்கும் எட்டுவதை இதற்கு ஒப்பிடலாம். இதன்படி, அப்பணியைச் செய்யும் எப்பொருளும் நனவுடையதாகலாம்.

2. ஒருங்கிணைந்த தகவல் கோட்பாடு: ஜூலியோ டொனோனி 2004 இல் முன்வைத்தது. ஓர் அமைப்பின் உறுப்புகள் ஒன்றையொன்று எவ்வளவு பாதிக்கின்றன என்பதே நனவின் அளவு. பெரும்பாலான நரம்பணுக்கள் இருந்தும் சிறுமூளை பழுதுற்றவர் நனவை இழப்பதில்லை. சிறுமூளையின் கூறுகள் பெரும்பாலும் தனித்தனியே இயங்குவதே இதன் காரணம் என இக்கோட்பாடு விளக்குகிறது.

3. உயிருடல் சார் பார்வை: நனவு என்பது தன்னைக் காத்துக்கொள்ள வேண்டிய உயிருடலோடு பிணைந்தது என்பது இதன் சாரம். ஜான் சேர்ல், அனில் சேத் ஆகியோர் வெவ்வேறு வகையில் இதை வலியுறுத்தியுள்ளனர். கணினியில் மழையின் படிமத்தை இயக்கினால் எதுவும் நனைவதில்லை என்பது போன்றது இவ்வாதம்.

இக்கோட்பாடுகள் மூளைசார் பொறிகளைப் பற்றி வெவ்வேறு முடிவுகளைத் தருகின்றன. ஒரே வலையமைப்பை வழமையான கணினியிலும் நரம்புருச் சில்லிலும் இயக்குவதாகக் கொள்வோம். முதற் கோட்பாட்டின்படி இரண்டும் ஒன்றே. இரண்டாம் கோட்பாட்டின்படி மென்பொருள் முக்கியமன்று, மின்சுற்றின் பிணைப்பே முக்கியம். ஆகவே வழமையான கணினிக்கு ஏறத்தாழ நனவே இல்லாதபோது நரம்புருச் சில்லுக்கு அது இருக்கக்கூடும். மூன்றாம் பார்வையின்படி இரண்டுக்கும் இல்லை.

முதலிரு கோட்பாடுகளையும் நேருக்கு நேர் சோதித்த கூட்டாய்வு ஒன்று 2025 இல் வெளியானது. 256 பேர் பங்கேற்ற அவ்வாய்வின் முடிவுகள் இரண்டின் முதன்மையான கணிப்புகள் சிலவற்றுக்கும் முரணாக அமைந்தன.

இராமச்சந்திரனின் விதிகள்

தமிழ்நாட்டில் 1951 இல் பிறந்து சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற நரம்பியலாளர் வி. எஸ். இராமச்சந்திரன், வில்லியம் ஹர்ஸ்டைனுடன் இணைந்து 1997 இல் அக உணர்வுக்கு மூன்று விதிகளை முன்வைத்தார். முதலாவது, உள்வரும் உணர்வு மாற்றவொண்ணாதது. சிவப்பைப் பச்சையாகக் காண ஒருவர் முடிவு செய்ய இயலாது. இரண்டாவது, அவ்வுணர்வைக் கொண்டு என்ன செய்வது என்பது திறந்தது. தானாக நிகழும் அனிச்சைச் செயலுக்கு இத்தெரிவு இல்லை. மூன்றாவது, தெரிவு செய்வதற்குப் போதிய நேரம் அவ்வுணர்வு குறுகிய கால நினைவில் தங்குகிறது.

இவ்விதிகள் நனவுள்ள செயலையும் நனவற்ற செயலையும் பிரிப்பதற்காக எழுந்தவை. ஆயினும் பொறிகள் பற்றிய விவாதத்திலும் இவை பயன்படக்கூடியவை. இவற்றின் செயற்கூறுகளை ஒரு பொறி நிறைவு செய்தாலும், உள்ளே அனுபவம் உண்டு என்பது அதனால் உறுதியாகிவிடாது என்பது எதிர்வாதம்.

தமிழ் மரபில்

தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுக்கிறது. தொடுவுணர்வு ஒன்றே உடைய புல், மரம் முதலியன ஓரறிவுயிர்கள். சுவை, மணம், காட்சி, கேள்வி ஆகியன படிப்படியாகச் சேர்ந்து, மனம் ஆறாவதாக வரும்போது மக்கள் எனப்படுகின்றனர். இவ்வரிசையில் தொடுவுணர்வே அடித்தளம். பொறிகளின் வளர்ச்சி இதற்கு நேர்மாறானது. அவை மொழியையும் காட்சியையும் கையாளும் அளவுக்குத் தொடுவுணர்வைக் கையாளவில்லை.

சைவ சித்தாந்தம் மனம், புத்தி, அகங்காரம், சித்தம் ஆகிய நான்கையும் அகக்கருவிகள் (அந்தக்கரணங்கள்) என்கிறது. இவை மாயையிலிருந்து தோன்றிய சடப்பொருள்கள், உணர்வது உயிரே. உயிர் இக்கருவிகளுள் ஒன்றன்று என்பதை 13 ஆம் நூற்றாண்டில் மெய்கண்டாரின் சிவஞானபோதம் நிறுவ முற்படுகிறது. இப்பார்வையில் எண்ணுவதும் ஆராய்ந்து முடிவெடுப்பதும் தம்மளவில் நனவின் சான்றுகள் அல்ல. அறிவுத்திறனையும் நனவையும் பிரிக்கும் இன்றைய விவாதத்தோடு இது ஒப்பிடத்தக்கது.

சோதித்தலும் அறச் சிக்கல்களும்

ஆலன் டூரிங் 1950 இல், பொறி சிந்திக்குமா என்னும் வினாவுக்கு மாற்றாக உரையாடல் சோதனையை முன்வைத்தார். பெரும் மொழிப் படிமங்கள் வந்தபின் இச்சோதனை நனவை அறியப் போதாது என்பது தெளிவாகியுள்ளது. வலி, அச்சம், தனிமை பற்றி மக்கள் எழுதியவற்றில் பயின்ற மென்பொருள் அச்சொற்களைத் திரும்பத் தருவது இயல்பே. கூகுள் பொறியாளர் ஒருவர் 2022 இல் லாம்டா என்னும் உரையாடல் மென்பொருளுக்கு உணர்வு உண்டு எனக் கூறியபோது அந்நிறுவனமும் பெரும்பாலான ஆய்வாளர்களும் அதை ஏற்கவில்லை.

இதன் மறுபக்கமும் கருதத்தக்கது. அட்ரியன் ஓவன் குழுவினர் 2006 இல், வெளியுலகுக்கு எவ்வித மறுமொழியும் தராத ஒரு பெண்ணை டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யச் சொல்லி மூளையைப் படமெடுத்தனர். நலமானவர்களின் மூளையில் இயங்கும் அதே பகுதிகள் அவருக்கும் இயங்கின. 2024 இல் வெளியான ஆய்வொன்றில், கட்டளைக்குப் புறத்தே மறுமொழி தராத 241 நோயாளிகளுள் 60 பேரின் மூளை, சொன்னதைச் செய்ய முயல்வதற்கான அடையாளத்தைக் காட்டியது. மறுமொழி இன்மை நனவின்மைக்குச் சான்றன்று; சரளமான மறுமொழி நனவுக்குச் சான்றன்று.

ஆகவே இருவகைத் தவறுகள் நேரக்கூடும். உணர்வுள்ள ஒன்றை வெறும் கருவியாக நடத்துவது ஒன்று. உணர்வற்ற கருவிக்கு உரிமையும் பரிவும் அளித்து, உணர்வுள்ள மனிதர்க்கும் விலங்குகளுக்கும் உரியதைக் குறைப்பது மற்றொன்று. 2023 இல் நரம்பியலாளர்களும் மெய்யியலாளர்களும் இணைந்து எழுதிய அறிக்கை, பல்வேறு கோட்பாடுகளிலிருந்து 14 அடையாளங்களைத் தொகுத்து, பேச்சை விடுத்து உட்கட்டமைப்பை ஆராயப் பரிந்துரைத்தது. அன்றிருந்த எந்த அமைப்பும் நனவுக்கு வலுவான தகுதி பெறவில்லை என்றும், அவ்வடையாளங்களை நிறைவு செய்யும் அமைப்புகளை உருவாக்கத் தொழில்நுட்பத் தடை ஏதும் வெளிப்படையாகத் தெரியவில்லை என்றும் அது முடிவு கூறியது.

302 நரம்பணுக்களே உடைய உருளைப்புழு ஒன்றின் நரம்பு வரைபடம் 1986 இலேயே வெளியானது. ஏறத்தாழ 1,39,000 நரம்பணுக்களைக் கொண்ட பழ ஈயின் முழு மூளை வரைபடம் 2024 இல் வெளியானது. இவ்வுயிர்களுக்கு நனவு உண்டா என்பதில் இன்றும் கருத்தொற்றுமை இல்லை. வரைபடம் கையிலிருக்கும் உயிர்களைப் பற்றியே முடிவு எட்டப்படாத நிலையில், பொறிகளைப் பற்றிய முடிவும் நனவுநிலைக் கோட்பாடுகளின் வளர்ச்சியைப் பொறுத்தே அமையும்.