பஸ்ராவுக்கு வந்த கிண்ணம்

பஸ்ரா என்னும் பெயரைச் செவியுறும்போது நம் நினைவு முதலில் ஓடுவது கால்பந்தாட்டத் திடலுக்கு அன்று. மதரஸாவில் விரித்த பாய்க்குத்தான். நஹ்வு எனும் அரபு இலக்கணம் ஓதத் தொடங்கிய ஓரிரு ஆண்டுகளிலேயே, "பஸ்ராவாசிகள் இவ்வாறு கூறுவர், கூஃபாவாசிகள் அதனை மறுப்பர்" என்ற பேச்சு மாணவன் காதில் விழத் தொடங்கிவிடும். தொழிற்பெயரிலிருந்து வினை பிறந்ததா, வினையிலிருந்து தொழிற்பெயர் பிறந்ததா என்ற ஒரு கேள்விக்காக இரு நகரங்கள் தலைமுறை தலைமுறையாக வழக்காடியிருக்கின்றன. தொழிற்பெயரே மூலம் என்பது பஸ்ராவின் கட்சி. நம் உஸ்தாதுகளும் பெரும்பாலும் பஸ்ராவின் பக்கமே நின்றனர். ஆகவே, கண்ணால் காணாத அந்நகரத்தின் மீது நமக்கு இளமையிலேயே ஒரு பற்று உண்டாகிவிட்டது.

உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில் உத்பா இப்னு கஸ்வான் (ரலி) அவர்களால் படைவீடாக அமைக்கப்பட்ட ஊர் அது. ஹஸன் பஸரீ (ரஹ்) அவர்கள் உபதேசித்த ஊர். ராபியத்துல் அதவிய்யா அம்மையார் இரவுகளை வணக்கத்தில் கழித்த ஊர். யாப்பிலக்கணம் வகுத்த கலீல் இப்னு அஹ்மதும், அவரிடம் பயின்ற பாரசீகரான ஸீபவைஹியும் அங்கேதான் இருந்தனர். ஊரின் விளிம்பில் மிர்பத் என்றொரு சந்தை இருந்தது. ஒட்டகம் விற்கும் இடமாகத் தொடங்கிய அது, பின்னர் கவிஞர்கள் மோதும் களமாயிற்று. ஜரீரும் ஃபரஸ்தக்கும் ஒருவரையொருவர் வசைபாடியதைக் கேட்க அங்கே கூட்டம் கூடியது. கேட்டவர்கள் கட்சி பிரிந்து நின்றனர். இரு தரப்பு, ஒரு திடல், சுற்றிலும் ஆரவாரிக்கும் மக்கள் என்பது பஸ்ராவுக்குப் புதிதன்று என்பதற்காகவே இதனை ஈண்டுச் சொல்லி வைக்கிறோம்.

2018ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள், ஆசியக் கால்பந்துக் கழகங்களுக்கான ஏ.எஃப்.சி. கிண்ணத்தின் இறுதியாட்டம் அந்த பஸ்ராவில் நடந்தது. ஈராக்கின் வான்படைக் கழகமாகிய அல்குவ்வத்துல் ஜவிய்யா, துருக்மெனிஸ்தானின் அல்தின் அஸிர் கழகத்தை 2-0 என்ற கணக்கில் வென்று, தொடர்ந்து மூன்றாவது ஆண்டாகக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. அதற்குமுன் எந்தக் கழகமும் அக்கிண்ணத்தைத் தொடர்ந்து மும்முறை வென்றதில்லை. செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தில் நான்கு வரிகளில் முடிந்துவிடக்கூடிய செய்திதான். ஆனால் அந்த நான்கு வரிகளுக்குப் பின்னால் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் கதை இருக்கிறது.

கதையின் தொடக்கம் பாங்காக் நகரில். ஆசியாவின் கழகங்களுக்கென்று ஒரு போட்டி 1967இல் அங்கே தொடங்கப்பட்டது. அன்று இஸ்ரேல் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பில் உறுப்பு நாடாக இருந்தபடியால், முதற்போட்டியை வென்றது டெல் அவீவின் ஹபோயல் கழகம். மலேசியாவின் சிலாங்கூர் அதனிடம் 1-2 என்று தோற்றது. 1970இல் தெஹ்ரானில் நடந்த போட்டியில், பெய்ரூத்தைச் சேர்ந்த ஹோமனெத்மென் என்ற ஆர்மீனியர் கழகம் அரையிறுதியில் ஹபோயலுடன் ஆட மறுத்தது. இறுதியாட்டத்தில் தெஹ்ரானின் தாஜ் கழகம் அதே ஹபோயலை 2-1 என வென்றது. ஆக, அந்த ஓர் ஆண்டிலேயே இரு வழிகளும் காட்டப்பட்டுவிட்டன: ஒன்று ஆட மறுப்பது, மற்றது ஆடி வெல்வது.

மறு ஆண்டு, 1971இல், மீண்டும் பாங்காக். ஈராக்கிலிருந்து சென்றது ஆலிய்யாத்துஷ் ஷுர்த்தா, அதாவது காவற்படையின் ஊர்திப் பிரிவுக் கழகம். வெளியுலகம் அறியாத அக்கழகம் இறுதியாட்டம்வரை முன்னேறிவிட்டது. எதிரே நின்றது டெல் அவீவின் மக்காபி. ஈராக்கியர் ஆட மறுத்தனர். பாலஸ்தீனக் கொடியை ஏந்தித் திடலில் வலம் வந்தனர். கிண்ணம் மக்காபிக்குச் சென்றது.

அவர்கள் செய்தது சரிதானா என்று இன்றும் நம்மிடையே இரு கருத்துகள் உண்டு. தாஜைப் போல் ஆடி வென்றிருக்கலாமே என்பார் சிலர். பைத்துல் முகத்தஸ் கைப்பற்றப்பட்டு அப்போது நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. மஸ்ஜிதுல் அக்ஸாவில் 1969 ஆகஸ்டில் தீ வைக்கப்பட்டு இரண்டு ஆண்டுகள்கூட நிறையவில்லை. காவற்படைக் கழகம் என்பதால் அரசின் விருப்பமும் அம்முடிவில் இல்லாமலிருக்க வழியில்லை. எனினும், ஆடி வென்றால் புகழ், தோற்றாலும் இரண்டாமிடம் என்ற நிலையில் இரண்டையும் விட்டுக்கொடுத்த அந்த இளைஞர்களைக் குறைகூற நமக்கு நா எழவில்லை. அடுத்த ஆண்டுப் போட்டி கைவிடப்பட்டது. 1974இல் இஸ்ரேல் ஆசியக் கூட்டமைப்பிலிருந்து வெளியேற்றப்பட்டது. கழகப் போட்டி மறுபடி உயிர்பெற 1985 ஆயிற்று.

அதற்குள் ஈராக்கில் காலம் மாறியிருந்தது. அதிபர் ஸதாம் ஹுஸைனின் மூத்த மகன் உதை, நாட்டின் ஒலிம்பிக் குழுவைத் தன் கைக்குள் வைத்திருந்தார். அவருடைய ஆதரவில் எழுந்த அர்ரஷீத் கழகம், நாட்டின் சிறந்த ஆட்டக்காரர்களையெல்லாம் தன்பால் இழுத்துக்கொண்டது. 1985 முதல் 1987 வரை அரபுக் கழகக் கிண்ணத்தை மூன்று முறை அடுத்தடுத்து வென்றது. 1989இல் ஆசிய இறுதிக்கும் வந்தது. பக்தாதில் நடந்த முதல் ஆட்டத்தில் கத்தாரின் அஸ்ஸத்தை 3-2 என வென்றது; தோஹாவில் 0-1 எனத் தோற்றது. மொத்தக் கணக்கு சமம். ஆனால் எதிரியின் ஊரில் அடித்த கோல்களுக்கு மதிப்பு மிகுதி என்ற விதியின்படி கிண்ணம் அஸ்ஸத்துக்குப் போயிற்று. மறு ஆண்டே அர்ரஷீத் கலைக்கப்பட்டது. தோற்றதற்காக ஆட்டக்காரர்கள் அடிக்கப்பட்டதையும், தலை மழிக்கப்பட்டதையும், சிறையில் அடைக்கப்பட்டதையும் பின்னாளில் அவர்களே வெளியிட்டனர். நீதிக்குப் பெயர்போன மன்னர்களின் பட்டங்களைச் சூடிக்கொண்டு அநீதி செய்வது நம் வரலாற்றில் புதிதன்று. ஆயினும் கால்பந்து ஆடத் தெரிந்ததே ஒருவனுக்குக் கேடாக முடிந்த காலம் அது என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

1990இல் குவைத் மீது படையெடுப்பு. அதன்பின் பொருளாதாரத் தடை. பக்தாதிலிருந்து பயணிகள் விமானம் பறக்காத ஆண்டுகளில், வெளிநாடு செல்வோர் பாலைவழியே அம்மான்வரை சாலையில் சென்றே விமானம் ஏறவேண்டியிருந்தது. அந்நிலையிலும் ஈராக்கியக் கழகங்கள் ஆடத்தான் செய்தன. ஆசியக் கிண்ண வெற்றியாளர் போட்டியின் 1995ஆம் ஆண்டு இறுதியில் அத்தலபா, ஜப்பானின் பெல்மாரே ஹிராத்சுகாவிடம் 1-2 எனத் தோற்றது. (தலபா என்றால் மாணவர்கள். ஓதிக் கொடுக்கும் தொழில் செய்யும் நமக்கு அப்பெயர்மீது ஒரு தனி வாஞ்சை.) 2000இல் அதே போட்டியின் இறுதியில், பக்தாதின் பழம்பெயர்களுள் ஒன்றைத் தாங்கிய அஸ்ஸவ்ரா, ஷிமிஸு கழகத்திடம் 0-1 எனத் தோற்றது.

2003இல் அமெரிக்கப் படை புகுந்தது. அதன்பின் நேர்ந்த கேடுகளை நம் வாசகர்கள் அறிவார்கள். கால்பந்துக்கு நேர்ந்தது இது: பாதுகாப்பு இல்லை என்பதால் ஈராக்கிய அணிகள் தம் நாட்டு மண்ணில் ஆடத் தடை. தடை ஒருமுறை தளர்த்தப்படும், மறுபடி விதிக்கப்படும். அமைதியாக இருந்த அர்பீலில் 2012ஆம் ஆண்டு ஏ.எஃப்.சி. கிண்ண இறுதி நடந்தது. அர்பீல் கழகம் சொந்த மக்கள் முன்னிலையில் குவைத்திடம் 0-4 எனத் தோற்றது. 2014இல் அதே அர்பீல் துபாயில் மற்றொரு குவைத்தியக் கழகமாகிய காதிஸிய்யாவிடம் பெனால்டி உதைகளில் தோற்றது. 1971 முதல் எண்ணிப் பாருங்கள்: ஆறு இறுதிகள், ஆறிலும் வெறுங்கை.

அக்கிண்ணத்தைப் பற்றியும் ஒரு சொல். 2004இல் தொடங்கிய அது, ஆசியாவின் முதல்தரப் போட்டியன்று. செல்வமும் வசதியும் குறைந்த நாடுகளின் கழகங்களுக்கென அமைந்த இரண்டாம் வரிசைப் போட்டி. முதல் இறுதியில் மோதிய இரு கழகங்களும் திமிஷ்கைச் சேர்ந்தவை. 2010இல் ஹலபின் அல்இத்திஹாத் அதனை வென்றது; அடுத்த சில ஆண்டுகளில் ஹலப் அடைந்த கதியை எண்ணினால் அவ்வெற்றியை மகிழ்ச்சியோடு எழுத இயலவில்லை. 2024இல் அப்போட்டி அப்பெயரில் முடிவுற்று, வேறு பெயரும் அமைப்பும் பெற்றது.

1931இல் நிறுவப்பட்ட வான்படைக் கழகம் ஈராக்கின் மிகப் பழைய கழகம். அதனை அன்பர்கள் ராஜாளிகள் என்பர். 2016இல் இக்கழகத்தின் 'சொந்தத் திடல்' தோஹாவில் இருந்தது. தன் வீட்டில் விருந்து வைக்க இயலாதவன் அயலான் வீட்டு முற்றத்தை இரவல் வாங்கியதைப் போன்ற நிலை. அவ்வாண்டு நவம்பர் 5ஆம் நாள் அந்த இரவல் திடலில் நடந்த இறுதியாட்டத்தில் எதிரே வந்தது நம் நாட்டின் பெங்களூரு கழகம். ஆசிய இறுதி ஒன்றுக்கு வந்த முதல் இந்தியக் கழகம் அது. முந்திய ஆண்டு வெற்றியாளரான மலேசியாவின் ஜொகூர் கழகத்தைக் கண்டீரவா அரங்கில் 3-1 என வீழ்த்திவிட்டு வந்திருந்தது. தோஹா நம் வீடுகளுக்கு அந்நிய ஊரன்று. பிள்ளைகளின் சம்பளமும் கடிதமும் வந்த ஊர். அன்று அரங்கில் சுனில் சேத்ரியின் அணிக்காகக் குரல் கொடுத்தவர்களுள் அங்கே உழைக்கும் இந்தியர் பலர் இருந்தனர். 70ஆம் நிமிடம் ஹம்மாதி அஹ்மத் ஒரு கோல் அடித்தார். அப்போட்டித் தொடரில் அவருக்கு அது 16ஆவது. ஈராக்குக்கு முதல் ஆசியக் கழகக் கிண்ணம் கிடைத்தது. நம் உள்ளம் அன்று யார் பக்கம் இருந்தது என்று கேட்டால், நாட்டுப் பற்று ஒரு புறமும் நாற்பத்தைந்தாண்டுக் காத்திருப்பு மறுபுறமும் இழுத்தன என்பதே நேர்மையான விடை.

2017இல் தாஜிகிஸ்தானின் ஹிஸார் நகரில் இஸ்திக்லாலை 1-0 என வென்று கிண்ணத்தைத் தக்கவைத்துக்கொண்டனர். அடுத்த மார்ச் மாதம் உலகக் கால்பந்துக் கூட்டமைப்பு பஸ்ரா, கர்பலா, அர்பீல் ஆகிய மூன்று நகரங்களுக்கு மட்டும் தடையை நீக்கியது. பக்தாதுக்கு இல்லை. ஆதலின் பக்தாத்காரர்களான ராஜாளிகளுக்குச் சாலைவழி 500 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள பஸ்ரா 'சொந்த ஊர்' ஆயிற்று.

அந்த பஸ்ரா அப்போது இருந்த நிலை என்ன? தஜ்லாவும் ஃபுராத்தும் கலந்து ஓடும் ஷத்துல் அரபின் கரையில் அமர்ந்த நகரம், 2018 கோடையில் குடிக்க நல்ல நீரின்றித் தவித்தது. ஆற்றில் நீர்வரத்துக் குறைந்து கடலின் உப்பு மேலேறிற்று, கழிவும் கலந்தது. வயிற்று நோயால் மருத்துவமனை சென்றோர் ஒரு லட்சத்துக்கும் மேல். எண்ணெய் வளத்தால் நாட்டுக்கே சோறு போடும் ஊரில் குழாயைத் திறந்தால் நஞ்சு! மக்கள் தெருவில் இறங்கினர். செப்டம்பரில் அரசு அலுவலகங்களும் ஈரானியத் துணைத் தூதரகமும் தீக்கிரையாயின. பல இளைஞர்கள் உயிரிழந்தனர். இவை நடந்து ஏழெட்டு வாரங்களில்தான் அந்த இறுதியாட்டம்.

விளையாட்டு வீண் பொழுதுபோக்கு என்று கடிந்து பேசுவோர் நம்முள் உண்டு. தொழுகையை மறக்கடிக்கும் விளையாட்டை நாமும் கடிகிறோம். ஆனால் மதீனாப் பள்ளிவாசலில் ஹபஷிகள் ஈட்டி விளையாடியதை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தடுக்காததோடு, ஆயிஷா (ரலி) அவர்கள் சலிக்கும்வரை பார்க்கவும் விட்டார்கள் என்பதை ஹதீஸ் கிதாபுகளில் ஓதாதவர் யார்? நோயும் துக்கமும் மண்டிய ஊரில் ஒரு மாலைப்பொழுதின் மகிழ்ச்சியை அற்பம் என்று தள்ள நமக்கு மனம் வரவில்லை. அந்த மகிழ்ச்சி ஒரு துளி நீரையும் நன்னீராக்கவில்லை என்பதும் உண்மையே. அரங்குக்குச் செலவிட்ட பொருளில் ஒரு பகுதி நீர்நிலையத்துக்குச் சென்றிருக்கலாகாதா என்று கேட்ட பஸ்ராவாசியின் கேள்வி நியாயமானது.

2013இல் திறக்கப்பட்ட, 65,000 பேர் அமரக்கூடிய அந்த அரங்கின் புறச்சுவர் பேரீச்ச மரத்தின் செதிலடுக்கிய தண்டைப்போல் அமைந்தது. அதனால் அதற்கு 'ஜித்உன் நக்லா', பேரீச்ச மரத்தண்டு, என்று பெயர். ஸூரா மர்யமை ஓதுவோர் இச்சொற்களைக் கண்டதும் நின்றுவிடுவர். பிரசவ வேதனையில் தனித்து நின்ற மர்யம் (அலை) அவர்கள் சாய்ந்தது அத்தகைய தண்டின்மீதுதான். அதன்பின் அவர்களுக்கு நீரோடையும் கனியும் அருளப்பட்டன. நீருக்கு ஏங்கிய நகரம் தன் அரங்குக்கு இப்பெயரைச் சூட்டியிருப்பது நம்மைச் சற்றே திகைக்க வைத்தது.

2023 ஜனவரியில் அரபு வளைகுடாக் கிண்ணப் போட்டி பஸ்ராவில் நடந்தது. 1979க்குப் பின் அப்போட்டி ஈராக்குக்கு வந்தது அதுவே முதன்முறை. இறுதியாட்டத்தன்று அரங்க வாயிலில் நெரிசலில் சிக்கி உயிரிழப்பும் நேர்ந்தது. அதற்கு முந்திய நாள்களில், 1990இல் எந்தப் பாதையில் ஈராக்கியப் படை குவைத்துக்குள் புகுந்ததோ அதே பாதையில், ஸஃப்வான் எல்லைச் சாவடி வழியே, குவைத்தியர் ஆயிரக்கணக்கில் காரில் வந்து இறங்கினர். பஸ்ராவாசிகள் அவர்களைத் தம் வீடுகளுக்கு அழைத்துச் சென்று உணவளித்தனர். கடைக்காரர்கள் பலர் அவர்களிடம் காசு வாங்க மறுத்துவிட்டனர்.