காலிபைத் தாங்கியவை எவை?

தில்லியில் ஆய்வு செய்வோர் உதவித்தொகை தாமதத்தாலும் நேர்காணல் தோல்வியாலும் சோர்வுறும்போது, ‘மனவுறுதி கொள்ளுங்கள்’ என்னும் அறிவுரையே பெரும்பாலும் கிடைக்கிறது. இதே நகரின் பல்லிமாரானில் வாழ்ந்த மிர்சா காலிபின் வரலாறு அவ்வறிவுரையின் போதாமையைக் காட்டுகிறது.

குடும்ப ஓய்வூதியத்தில் தமது பங்கு குறைக்கப்பட்டதாக முறையிட, 1828இல் அவர் கல்கத்தாவை அடைந்தார். 1831இல் அம்முறையீடு தள்ளப்பட்டது. 1850இல்தான் முகலாய அரச மரபின் வரலாற்றை எழுதும் பணி ஆண்டுக்கு 600 ரூபாய் ஊதியத்தில் வாய்த்தது. 1857 எழுச்சி ஒடுக்கப்பட்டதும் அரசவையே மறைந்தது. மாதம் 62 ரூபாய் 8 அணாவாக வந்த ஓய்வூதியமும் நின்றுபோய், 1860 மே மாதத்தில்தான் மீண்டும் கிடைத்தது.

இடைப்பட்ட மூன்றாண்டுகளை அவர் கடந்தது எவ்வாறு? வீட்டுத் துணிமணிகளை விற்று உண்டார். 1859 முதல் இராம்பூர் நவாப் யூசுப் அலி கான் மாதம் 100 ரூபாய் அனுப்பினார். அவருடைய ‘தஸ்தம்பூ’ 1858இல் ஆக்ராவில் அச்சேற ஹர்கோபால் தஃப்தா முதலிய மாணாக்கர் துணைநின்றனர். சிதறிய நண்பர்களுக்கு அவர் இடைவிடாது கடிதம் எழுதினார். 1868இல் ‘ஊத்-இ-ஹிந்தி’ எனத் தொகுக்கப்பட்ட அக்கடிதங்களே பின்னர் உருது உரைநடைக்கு முன்மாதிரியாயின.

காலிபிடம் உறுதி இருந்தது; ஐயமில்லை. ஆயினும் அவ்வுறுதியை உயிரோடு வைத்தவை நூறு ரூபாயும் அஞ்சலும் மாணாக்கரின் உழைப்புமே. எனவே, தோல்வியுற்ற தோழருக்கு மனவுறுதியைப் போதிக்குமுன், இம்மாத அறை வாடகைக்கு என்ன வழி என்று கேட்போம்.