களர், தேற்றா, தொளி: நாஞ்சில் நாட்டு மண்ணும் களித்துகளின் மின்னேற்றமும்

1. தோற்றுவாய்

நாஞ்சில் என்பது கலப்பையின் பெயர். தமிழகத்தின் தென்கோடியில் அமைந்த ஒரு நாட்டின் பெயரும் அதுவே. அப்பெயர் அந்நாட்டிற்கு வந்த காரணத்தை அறிஞர் பலர் பலவாறு கூறுவர். அவ்வாராய்ச்சி ஈண்டு எம் நோக்கமன்று. கலப்பை கிழிக்கும் மண்ணைப் பற்றியே யாம் சில கூறப் புகுகிறோம்.

மண்ணைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களை இலக்கிய ஆராய்ச்சியாளர் சொற்பொருள் அளவில் ஆராய்ந்து அமைவர். மண்ணியலாரோ அச்சொற்களைப் பெரும்பாலும் நோக்குவதில்லை. இருதிறத்தாரும் ஒரே பொருளை இருவேறு வாயில்களின் வழியே அணுகுகின்றனர் என்பதும், ஒருவர் கண்டது மற்றவர்க்கு விளக்கமாதல் கூடும் என்பதும் எம் கருத்து. களித்துகளின் புறப்பரப்பில் மின்னேற்றம் உண்டு என்பது இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அறியப்பட்ட உண்மை. அதனைத் துணையாகக் கொண்டு தேற்றா, களர், தொளி என்னும் மூன்று சொற்களை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

ஒன்றை முதற்கண் வரையறுத்துக் கொள்ளுதல் வேண்டும். பண்டைத் தமிழர் மின்னேற்றத்தை அறிந்திருந்தனர் என்று யாம் கூறவில்லை. அவ்வாறு கூறுதல் வரலாற்றுக்கும் ஒவ்வாது, அறிவியலுக்கும் ஒவ்வாது. அவர்கள் நுணுகி அறிந்தது மண்ணின் செயலை, காரணத்தை அன்று. செயலை அறிந்தமைக்குரிய சான்று சொற்களில் உள்ளது. காரணம் பின்னர் வேறு நாடுகளில், வேறு வழியில் அறியப்பட்டது. இரண்டையும் குழப்பாது ஒப்பிடுதலே பயன் தருவதாகும்.

2. நாட்டின் நிலவமைதி

1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் திருவிதாங்கூர்ப் பகுதியினின்று பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்த கன்னியாகுமரி மாவட்டத்தில் அன்று நான்கு வட்டங்கள் இருந்தன. அவற்றுள் தோவாளையும் அகத்தீசுவரமும் நாஞ்சில் நாடு எனப்படும். மேற்கே கல்குளமும் விளவங்கோடும் உள்ளன. மேற்குப் பகுதியில் செம்புரைக்கல் மண் மிகுதி; கிழக்கில் செம்மண்ணும், பழையாற்றுப் பாய்ச்சலில் அமைந்த வயல்களும், கடலோரத்து மணலும் உப்புநிலமும் உள்ளன. ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து நெல்லைச் சீமையின் வடபகுதிக்குச் சென்றால் கரிசல் காணப்படும். ஒரு நாட் பயணத்திற்குள் மண் இத்துணை வேறுபடுவது நோக்கத்தக்கது.

நாஞ்சில் நாட்டின் வளம் பழமையானது. ஒருசிறைப் பெரியனார் நாஞ்சிற் பொருநனைப் பாடிய புறநானூற்றுப் பாட்டில், அவன் நாட்டு நீர்நிலத்தில் இட்ட வித்து வறட்சியிலும் சாவாது என்னும் கருத்து அமைந்துள்ளது. பிற்காலத்தில் திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்று இந்நாடு புகழப்பெற்றது. 1897 முதல் 1906 வரை கட்டப்பெற்ற பேச்சிப்பாறை அணை அவ்வளத்தை நிலைபெறச் செய்தது. எனினும் நீர் ஒன்றே வளத்திற்குக் காரணமாகாது. நீரையும் உரத்தையும் பற்றி நிறுத்தும் மண்ணும் வேண்டும். பற்றும் அவ்வாற்றல் எங்கிருந்து வருகிறது என்பதே அடுத்த வினா.

3. மின்னேற்றம் அறியப்பட்ட வரலாறு

1809ஆம் ஆண்டு மாஸ்கோவில் இராய்சு என்னும் பேராசிரியர் தம் ஆய்வொன்றை வெளியிட்டார். ஈரக்களியில் இரண்டு கண்ணாடிக் குழாய்களை ஊன்றி, நீர் நிரப்பி, மின்னோட்டம் செலுத்தினார். எதிர்மின்வாயுள்ள குழாயில் நீர் உயர்ந்தது; நேர்மின்வாயுள்ள குழாயில் களித்துகள்கள் நீருட் புகுந்து கலங்கின. நேர்மின்வாயை நோக்கிச் செல்வதாயின் களித்துகள் எதிர்மின்னேற்றம் உடையதாதல் வேண்டும்.

வேளாண்மை வழியாகவும் இவ்வுண்மை வெளிப்பட்டது. இங்கிலாந்தில் தாம்சன் என்பாரும் வே என்பாரும் மண்ணின் ஊடே அம்மோனியம் சல்பேட்டுக் கரைசலைச் செலுத்திப் பார்த்தனர். அம்மோனியம் மண்ணில் தங்கியது; அதற்கு ஈடாகச் சுண்ணம் வெளிவந்தது. இம்முடிவுகள் 1850இல் வெளியாயின. உரம் மழைநீரோடு முழுவதும் ஓடிவிடாமைக்கு இவ்வயனி மாற்றமே காரணம். ஆயினும் மாற்றம் நிகழ்வது ஏன் என்பது அன்று தெளிவாகவில்லை.

1930ஆம் ஆண்டையொட்டி ஊடுகதிர் ஆராய்ச்சி விடையளித்தது. களி உருவற்ற பசையன்று. மெல்லிய தகடுகளாக அடுக்கப்பட்ட படிகம். தகட்டினுள் சிலிக்கன் இருக்கவேண்டிய இடத்தில் அலுமினியமும், அலுமினியம் இருக்கவேண்டிய இடத்தில் மக்னீசியமும் அமைந்துவிடுதல் உண்டு. நேர்மின்னேற்றம் குறைந்த அணு அவ்விடத்தைப் பற்றுவதால் தகடு முழுவதும் எதிர்மின்னேற்றம் பெறுகிறது. அக்குறையை நிரப்பவே சுண்ணம், பொட்டாசியம், சோடியம் முதலியவற்றின் நேர் அயனிகள் தகட்டின் புறத்தே மொய்த்து நிற்கின்றன.

இத்துறையில் இந்தியரின் பங்கும் சிறிதன்று. கல்கத்தாவில் ஞானேந்திரநாத் முகர்ஜி (1893–1983) கூழ்மத்துகள்களின் மின்னேற்றத்தையும் களியின் அமிலத்தன்மையையும் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். 1934இல் தோன்றிய இந்திய மண்ணியற் கழகத்தை நிறுவியவருள் அவர் தலையாயவர். 1945 முதல் தில்லி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராகவும் விளங்கினார். இங்கிலாந்தில் ரோதாம்ஸ்டெடு ஆய்வு நிலையத்து ஸ்கோபீல்டு, களியின் மின்னேற்றத்தில் ஒரு பகுதி நிலையானது என்றும், மற்றொரு பகுதி மண்ணின் அமிலநிலைக்கேற்ப மாறுவது என்றும் காட்டினார். அவர்தம் கட்டுரை 1949இல் வெளிவந்தது. நாஞ்சில் நாட்டு மண்ணை விளங்கிக்கொள்ள இப்பாகுபாடு இன்றியமையாதது.

4. நிலையான மின்னேற்றமும் மாறும் மின்னேற்றமும்

கரிசலில் மிகுதியாக உள்ள களிக்கனிமம் மான்ட்மோரில்லோனைட்டு வகையைச் சார்ந்தது. அதன் மின்னேற்றம் பெரும்பாலும் நிலையானது. தகடுகளின் இடையே நீர் புகுவதால் அது மழையில் பருக்கும், கோடையில் வெடிக்கும். 100 கிராம் களி பற்றும் அயனிகளின் அளவு அதில் 80 முதல் 120 மில்லிசமவெடை வரை ஆகும். நெடுங்காலம் பெருமழையில் ஊறிச் சிதைந்த செம்புரைக்கல் மண்ணில் மிகுந்திருப்பதோ கயோலினைட்டு. அதன் தகடுகள் இறுகப் பொருந்தியவை. அது பற்றும் அளவு 3 முதல் 15 வரையே. அச்சிறு அளவிலும் பெரும்பகுதி தகட்டின் விளிம்பில் தோன்றுவது. அமிலநிலைக்கேற்பக் கூடியும் குறைந்தும் மாறுவது.

செம்மைநிறம் தரும் இரும்பு ஆக்சைடுகளின் இயல்பு இன்னும் வேறு. புளிப்பு மிகுந்த மண்ணில் அவை நேர்மின்னேற்றம் பெறும். ஆதலின் அவை சுண்ணத்தையும் பொட்டாசியத்தையும் பற்றாது விலக்கும். பாஸ்பேட்டை மட்டும் பயிர்க்கு எளிதில் எட்டாதவாறு இறுகப் பற்றிக்கொள்ளும். செம்புரைக்கல்லுக்கு அறிவியலுலகில் வழங்கும் ‘லாட்டரைட்டு’ என்னும் பெயரை, மலபாரின் அங்காடிப்புரத்தில் அக்கல்லைக் கண்ட புக்கானன் 1807இல் வெளியிட்ட தம் நூலில் இட்டார். செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று அப்பெயர் பிறந்தது. அக்கல்லை வெட்டிச் சுவர் எழுப்பிய வழக்கத்தைப் பெயர் காட்டுகிறது. அம்மண்ணின் பசியைக் காட்டவில்லை.

மேற்குப் பகுதியின் மேட்டுநிலங்களுக்குத் தொழுவுரமும் தழையும் சாம்பலும் ஓயாது வேண்டியிருப்பதன் காரணம் இப்போது விளங்கும். மட்கிய இலைதழை, எடைக்கு எடை, கயோலினைட்டைக் காட்டிலும் பன்மடங்கு எதிர்மின்னேற்றம் உடையது. சாம்பலும் சுண்ணாம்பும் புளிப்பைக் குறைத்து, களியின் விளிம்பிலும் எதிர்மின்னேற்றத்தை வளர்க்கும். கரிசல் தன் ஆற்றலைத் தன்னுள்ளே உடையது. செம்மண்ணுக்கு உழவன் அதனை ஆண்டுதோறும் ஈட்டித் தருதல் வேண்டும்.

5. தேற்றாவும் கழிமுகமும்

இனிச் சொற்களுக்கு வருவோம். கலங்கல் நீரைத் தெளிவிக்கத் தேற்றாங்கொட்டையைக் கலத்தின் உட்புறத்தில் தேய்க்கும் வழக்கம் தமிழகத்தில் நெடுங்காலமாக உண்டு. இம்மரத்திற்கு இல்லம் என்றும் பெயர். கலித்தொகையின் நெய்தற்கலியில், கலங்கிய உள்ளம் தெளிந்தமைக்கு இவ்வழக்கம் உவமையாகிறது. தேறு என்னும் தன்வினைக்குப் பிறவினை தேற்று. நீரைத் தேறச் செய்வது தேற்றா. செயலையே பெயராக்கிய சொல் இது.

நீர் கலங்கியே நிற்பது ஏன்? களித்துகள்கள் யாவும் எதிர்மின்னேற்றம் உடையன. ஒன்றையொன்று விலக்குவதால் அவை கூடித் திரண்டு படிவதில்லை. தேற்றாங்கொட்டையினின்று கரையும் நெடுஞ்சங்கிலிப் பொருள்கள் பல துகள்களைப் பாலம்போல் பிணைக்கின்றன. திரண்ட துகள்கள் கனத்தால் அடியிற் படிகின்றன. படிகாரம் செய்வது வேறு வகை. அதன் அலுமினிய அயனி மும்மடங்கு நேர்மின்னேற்றம் உடையது. துகளின் மின்னேற்றத்தை அடக்கி விலக்கத்தை ஒழிக்கிறது. அயனியின் மின்னேற்றம் மிகுந்தோறும் இவ்வாற்றல் பெரிதும் மிகும் என்பதை 1882இல் சூல்சும், 1900இல் ஹார்டியும் காட்டினர்.

கலத்தில் நிகழும் இதுவே கழிமுகத்திலும் நிகழ்கிறது. பழையாறு மணக்குடியிலும், குழித்துறை வழியாக வரும் தாமிரபரணி தேங்காய்ப்பட்டினத்திலும் கடலோடு கலக்கின்றன. ஆற்றுநீரில் மிதந்து வந்த களி, உப்புநீரைத் தொட்டவுடன் திரண்டு படியத் தொடங்கும். நீரோட்டம் தளர்தல் மட்டும் இதற்குக் காரணமன்று. கடல்நீரின் அயனிச் செறிவால் துகள்களிடை விலக்கம் குறைதலும் காரணமாகும்.

6. களர் என்னும் சொல்

களர் என்னும் சொல் தனித்து ஆராயற்பாலது. திருக்குறளில் இச்சொல் இருவேறு பொருளில் வருகிறது. கல்லாதவர்க்கு உவமையாகும் 406ஆம் குறளில் அது ஒன்றும் விளையாத நிலம். யானையின் கால் ஆழ்ந்து, நரியும் அதனைக் கொல்லும் நிலை கூறும் 500ஆம் குறளில் அது சேற்றுநிலம்; உரையாசிரியரும் சேறு என்றே கொள்வர். புறநானூற்றின் 311ஆம் பாட்டில் ஆடை வெளுப்பவள் களர்நிலத்தில் கூவல் தோண்டுகிறாள். சோழர் காலச் சாசனங்களில் நிலவுரிமை கூறுமிடத்தும் காட்டோடு சேர்த்துக் களர் எண்ணப்படுகிறது.

விளையா நிலமும், யானை ஆழும் சேறும், ஆடை வெளுக்கும் இடமும் ஒரே சொல்லால் சுட்டப்படுவது எங்ஙனம்? இவற்றை வெவ்வேறு சொற்களாகவோ, தொடர்பற்ற பொருள்களாகவோ கொள்ளுதல் ஒரு முறை. மண்ணியல் மற்றொரு முறையைக் காட்டுகிறது. இக்கால வேளாண் வழக்கில் உவர்நிலம் என்பது கரையும் உப்பு மிகுந்தது. களர்நிலம் என்பது சோடியம் களித்துகளின் புறப்பரப்பையே பற்றிக்கொண்டது. சோடியம் துகளை இறுகப் பிணைப்பதில்லை. ஆதலின் மழைக்காலத்தில் துகள்கள் பிரிந்து மண் குழம்பாகும். நீர் கீழிறங்காது தேங்கும். கோடையில் அதுவே கல்லெனக் காய்ந்து வித்தை முளைக்க விடாது. அத்தகைய நிலத்தில் சோடியம் கார்பனேட்டும் தோன்றுதலால், அந்நீர் அழுக்கை அகற்றும். மூன்று பண்புகளும் ஒரே மண்ணின் பண்புகள்.

இதனால் திருக்குறளிலும் புறநானூற்றிலும் வரும் களர் யாவும் சோடியக் களரே என்று துணிந்து கூறுதல் இயலாது. ஆயினும் சொல்லின் பொருள்கள் தொடர்பற்றன என்று கருதுவதற்கு முன், அவற்றை ஒருங்கே காட்டும் மண் உண்மையில் உண்டு என்பதை அகராதி தொகுப்போர் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். களருக்கு ஜிப்சம் இடுதலின் கருத்தும் இதனால் தெளிவாகும்: சுண்ண அயனி சோடியத்தை அகற்றி அவ்விடத்தைப் பற்ற, துகள்கள் மீண்டும் திரளும். 1850இல் வே கண்ட மாற்றத்தின் பயன் இது.

7. தொளி

கன்னிப்பூ, கும்பப்பூ என இருபோகம் விளைந்த நாஞ்சில் நாட்டில், நீர் நிறுத்தி உழுது கலக்கிய வயற்சேறு தொளி எனப்படும். தொளி கலக்கி மரமடித்தபின் நீர் வயலில் நிற்கிறது. கட்டிகள் உடைந்து பிரிந்த களித்துகள்கள் தகடுதகடாகப் படிந்து மண்ணின் நுண்டுளைகளை அடைப்பதே அதன் காரணம். களரில் தீமையாகும் அதே பிரிவு இங்கு உழவனின் கைவினையால் நன்மையாகிறது.

வேறொரு நன்மையும் உண்டு. இலங்கையிற் பிறந்த மண்ணியலறிஞர் பொன்னம்பெருமா, நீர் மூடிய மண்ணின் வேதியியலை விரிவாக ஆராய்ந்து 1972இல் எழுதினார். புளிப்புமண் சில வாரங்கள் நீரில் மூழ்கியிருப்பின் அதன் புளிப்புக் குறைந்து நடுநிலையை அணுகும். இரும்பு ஆக்சைடு சிதைய, அது பற்றியிருந்த பாஸ்பேட்டும் ஓரளவு விடுபடும். மின்னேற்றம் மாறும் மண்ணில் புளிப்புக் குறையின், எதிர்மின்னேற்றம் வளரும் என்பதை முன்னர்க் கண்டோம். எனவே வயலில் நிறுத்திய நீர் பயிரின் தாகத்தை மட்டும் தணிப்பதன்று; மண்ணின் பற்றும் ஆற்றலையும் உயர்த்துவது. குளத்து வண்டலை அள்ளி வயலில் இடும் பழைய வழக்கமும் இத்தகையதே. மழை அரித்துச் சென்ற நுண்களியையும் மட்கையும் அது மீண்டும் வயலுக்கே சேர்க்கிறது.

8. முடிவுரை

தேற்றா என்னும் சொல்லில் துகள்கள் திரள்வதும், தொளி என்னும் சொல்லில் பிரிவதும், களர் என்னும் சொல்லில் பிரிவின் தீங்கும் பதிவாகியுள்ளன. காரணம் அறியாதார் செயலைப் பிழையின்றி அறிந்திருந்தனர் என்பதற்கு இவை சான்று. இதற்குமேல் கூறுதல் மிகையாகும். இதனைக் கூறாது விடுதல் குறையாகும்.

இன்று நாஞ்சில் நாட்டு வயல்கள் பல வாழைத்தோட்டங்களாகவும் வீட்டுமனைகளாகவும் மாறிவிட்டன. வயல் மறையும்போது அதனோடு தொளியும் மரமடிப்பும் வழக்கிழக்கும். மண்ணை ஆய்வுக்கூடத்தில் என்றும் அளந்து கொள்ளலாம்; அதனை அறிந்த முதியோரின் சொல்லைப் பின்னர்த் தேடிப் பெறுதல் அரிது. தமிழ்த்துறை மாணவர் சிற்றூர்தோறும் சென்று, மண்ணின் பெயரையும் அப்பெயரிட்டோர் கூறும் பண்பையும் ஒருங்கே தொகுத்தல் வேண்டும். அம்மண்ணின் ஒரு பிடியையும் உடன் கொணர்ந்து மண்ணியலாரிடம் ஒப்படைத்தல் வேண்டும். சொல்லும் பொருளும் ஒருங்கு ஆராயப்படின், இங்கு யாம் கருத்தளவில் நிறுத்தியவற்றுள் எவை நிலைபெறும், எவை நீங்கும் என்பது தெளியும்.