குடவோலையும் சித்தப்பாவின் கரும்பலகையும்

எங்க சித்தப்பா 2019 டிசம்பர்ல ஊராட்சித் தலைவர் பதவிக்கு நின்னார். பணம் கிடையாது, பிரியாணி கிடையாது. "மாசாமாசம் பஞ்சாயத்து வரவு செலவை டீக்கடைக்கு எதிர்ல கரும்பலகையில எழுதிப் போடுவேன். எந்த வேலையா இருந்தாலும் ஊரைக் கூட்டிக் கேட்டுட்டுத்தான் செய்வேன்." அவ்வளவுதான் தேர்தல் அறிக்கை. தெருத்தெருவா சைக்கிள்ல போய்ச் சொன்னார். ஒரு பாட்டி மட்டும் நேராவே கேட்டுச்சு: "கணக்கை வச்சுக்கிட்டு நான் என்னப்பா பண்றது, ஒல பொங்குமா?"

2020 ஜனவரி 2-ஆம் தேதி எண்ணினாங்க. சித்தப்பா மூணாவது இடம்.

மனுஷன் ரொம்ப இடிஞ்சு போயிட்டார். பொங்கல் லீவுல ஊருக்குப் போனப்ப, "வாங்க, ஒரு இடத்துக்குப் போயிட்டு வரலாம்"னு பைக்ல ஏத்திக்கிட்டு உத்திரமேரூர் கிளம்பிட்டேன்.

உத்திரமேரூர் கல்வெட்டு பத்தி நம்ம மக்களுக்குப் புதுசா சொல்ல ஒண்ணும் இல்ல. "உலகத்துக்கே ஜனநாயகம் சொல்லிக் கொடுத்த தமிழன்"னு ஆளாளுக்கு எழுதித் தள்ளியாச்சு. நானும் ஒரு காலத்துல எழுதியிருக்கேன் (தேடாதீங்க, ப்ளீஸ்). ஆனா வெங்கையா 1904-05 தொல்லியல் துறை ஆண்டறிக்கையில வெளியிட்ட அந்த வாசகத்தைப் பொறுமையா படிச்சா, நாம கொண்டாடுற பானையை விட நாம கண்டுக்காம விட்ட ஒரு விஷயம்தான் பெருசாத் தெரியுது. அது கணக்கு.

வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல இருக்கிறது ரெண்டு கல்வெட்டு. ரெண்டும் முதலாம் பராந்தக சோழன் காலம். ஒண்ணு அவனோட 12-ஆம் ஆட்சியாண்டு, அதாவது கி.பி. 919. இன்னொண்ணு 14-ஆம் ஆண்டு, 921. ரெண்டே வருஷத்துல சட்டத்தை மாத்தி எழுதியிருக்காங்க. முதல் தடவை வச்ச விதியில எங்கேயோ ஓட்டை விழுந்திருக்கணும், யாரோ புகுந்து விளையாடியிருக்கணும். இது என் யூகம்தான். ஆனா துஷ்டர்கள் ஒழிஞ்சு நல்லவங்க தழைக்கணும்னுதான் இந்த ஏற்பாடுன்னு கல்வெட்டே காரணமும் சொல்லுது. சும்மா இருக்கிற ஊர்ல இப்படி எழுத மாட்டாங்க.

ஊர் 30 குடும்பு. (குடும்புன்னா குடும்பம் இல்ல, இன்னிக்கு வார்டு மாதிரி.) ஒவ்வொரு குடும்புலயும் தகுதியுள்ளவங்க பேரை ஓலையில எழுதி, கட்டாக் கட்டி, குடத்துல போடணும். பெரியவர் சின்னவர்னு மொத்தச் சபையும் கூடியிருக்க, ஒரு முதியவர் எல்லாரும் பார்க்கிற மாதிரி குடத்தைத் தூக்கிக் காட்டணும். ஒண்ணும் அறியாத ஒரு சின்னப் பையன் ஓலையை எடுப்பான். அதை வாங்குறவர் அஞ்சு விரலையும் விரிச்சு உள்ளங்கையில வாங்கணும். ஏன்? விரலிடுக்குல வேற ஓலையைச் செருகி வச்சிருந்தா? அவர் படிச்ச பிறகு, அங்க இருக்கிற கோயில் நம்பிமார் எல்லாரும் அதையே திரும்பப் படிக்கணும். எந்த அளவுக்குச் சூடு கண்ட பூனையா இருந்திருக்காங்க பாருங்க!

இப்படி வந்த 30 பேர்ல 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பொன் வாரியத்துக்கும் பஞ்சவார வாரியத்துக்கும் தனியா குலுக்கல். ஆமா, குலுக்கல்தான். யாரும் யாருக்கும் ஓட்டுப் போடல. பதவி 360 நாள். அப்புறம் மூணு வருஷத்துக்கு அந்தப் பக்கமே வரக்கூடாது.

இனிமேதான் மேட்டரே. 921 கல்வெட்டுப்படி, முன்னாடி வாரியத்துல இருந்துட்டு கணக்குக் காட்டாதவன் பேரைக் குடத்துலயே போடக்கூடாது. அதோட விட்டாங்களா? அவன் அப்பா, மகன், அண்ணன் தம்பி, மாமன், மாமனார், மருமகன், மச்சான், பெரியம்மா சின்னம்மா பசங்க, அத்தை மகன், அக்கா தங்கச்சி புருஷன், அவங்க பசங்க வரைக்கும் நீளமாப் பட்டியல் போட்டு எல்லாருக்கும் தடை. கணக்கு எழுதுறவனுக்கும் தப்பிக்க வழி இல்ல. அவன் எழுதின கணக்கை அவனேதான் கொண்டு வந்து காட்டணும். வேற கணக்கனை வச்சு முடிச்சுக் கொடுக்க முடியாது. கணக்குச் சுத்தம்னு ஆகாம மறுபடி வேலையும் கிடையாது.

சித்தப்பாவுக்கு இதைச் சொல்லிக்கிட்டே சுவரைக் காட்டினேன். உறவுமுறைப் பட்டியல் வந்ததும் விழுந்து விழுந்து சிரிச்சார். "டேய், இதை நம்மூர்ல போட்டா நாமினேஷன் வாங்க ஆபீசரே வர வேணாம்டா!"

அப்புறம் கேட்டார் பாருங்க ஒரு கேள்வி. "அப்ப நான் நின்னிருக்கலாமா?"

வயசு 35-க்கு மேல 70-க்குள்ள, சரி. சொந்த மனையில வீடு, சரி. வரி கட்டுற நிலம் கால் வேலிக்கு மேல, அதாவது ஒன்றரை ஏக்கருக்கும் கொஞ்சம் கூடுதல். சித்தப்பாவுக்கு முக்கால் ஏக்கர். அரைக்கால் வேலி இருந்தாலும் போதும்னு ஒரு சலுகை உண்டு, ஆனா அதுக்கு ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் தெரிஞ்சிருக்கணும். இது சதுர்வேதிமங்கலம், பிராமணர்களுக்குன்னு கொடுத்த ஊர். சபையும் அவங்க சபை. ஏரியில இறங்கி மண்ணு வெட்டினவங்க பேர் எந்தக் குடத்துலயும் விழுந்திருக்காது. பொம்பளைங்க பேச்சே இல்ல.

"இல்ல சித்தப்பா"ன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசல. "அப்ப அவங்களுக்குள்ள ஒருத்தரை ஒருத்தர் நம்பாம எழுதிக்கிட்டதுதான் இவ்வளவுமா?"ன்னார். எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. பல வருஷமா இதைப் படிக்கிறேன், எனக்கு இப்படித் தோணவே இல்லை.

யார் நிக்கலாம்ங்கிற விஷயத்துல நாம அவங்களை எங்கேயோ தாண்டி வந்துட்டோம். 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், 1994 தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1996 தேர்தல். பெண்களுக்கும் தலித் மக்களுக்கும் நாற்காலி சட்டப்படி வந்துச்சு (உட்கார விடாம அடிச்ச ஊர்களும் உண்டு, மேலவளவை மறக்க முடியுமா). கிராம சபையில வரவு செலவை வைக்கணும்னும் இருக்கு. ஆனா கணக்குக் கேக்குற அந்தப் பிடிவாதம் மட்டும் உத்திரமேரூர் சுவரோட நின்னு போச்சோன்னு தோணுது.

திரும்பி வரும்போது சித்தப்பா வழியில ஒரு கடையில நிறுத்தச் சொல்லி, நாற்பது பக்க நோட்டு ஒண்ணு வாங்கினார். ஜனவரி 26 கிராம சபையில எழுந்து நின்னு, "போன வருஷம் தெருவிளக்குக்கு எத்தனை பல்பு வாங்குனீங்க, எந்தெந்தத் தெருவுல மாட்டுனீங்க?"ன்னு கேட்டாராம். அடுத்த கூட்டத்துல சொல்றோம்னாங்களாம். அடுத்த கூட்டம் மே 1. அதைக் கொரோனா கொண்டு போயிடுச்சு. நோட்டுல அந்தக் கேள்வியும் தேதியும் மட்டும் இருக்கு, கீழ ஒரு பக்கம் காலியா விட்டு வச்சிருக்கார்.