கொள்ளைநோயும் கடமையும்: விற்றன்பேர்க் நகரம், 1527

மானிட வரலாற்றிற் கொள்ளைநோய்கள் விளைத்த அழிவு, போர்கள் விளைத்த அழிவுக்குச் சற்றும் குறைந்ததன்று. போர் மூண்டபோது பகைவன் யார் என்பதை மக்கள் அறிந்திருந்தனர். கொள்ளைநோய் பரவியபோதோ அயலவனும் உடன்பிறந்தோனும், ஏன், பெற்ற பிள்ளையுமே அச்சத்துக்குரியோராயினர். ஆதலால், ஒரு சமுதாயத்தின் பிணைப்புக்கள் எத்துணை உறுதியுடையவை என்பதை அளந்து காட்டும் காலங்களாகக் கொள்ளைநோய்க் காலங்கள் வரலாற்று மாணவருக்கு அமைகின்றன. அத்தகைய காலமொன்றிற் கிறித்தவ உலகில் எழுந்த ஒரு வினாவையும், அதற்கு ஜேர்மனிய நகரொன்றிலிருந்து வந்த விடையையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1347ஆம் ஆண்டு தொடக்கம் 1351ஆம் ஆண்டு வரை ஐரோப்பாவைச் சூறையாடிய ‘கருஞ்சாவு’ அக்கண்டத்து மக்களுள் மூன்றிலொரு பங்கினரையேனும் பலிகொண்டது. அதன் பின்னரும் அந்நோய் முற்றாக ஒழியவில்லை. பிளேக் எனப்படும் அக்கொள்ளைநோய் சில ஆண்டுகளுக்கொருமுறை ஏதேனும் ஒரு நகரில் மீண்டும் தலைகாட்டியவண்ணமிருந்தது. நோயின் காரணத்தை எவரும் அறியார், மருந்தும் இல்லை. விரைவிற் புறப்பட்டு, நெடுந்தொலைவு சென்று, தாமதித்துத் திரும்புவதே தக்கதென்பது மருத்துவர் வழிவழியாகக் கூறிவந்த அறிவுரையாகும். ஆனால், வண்டியும் பணமும் நாட்டுப்புறத்தில் ஒரு வீடும் உடையோருக்கே இவ்வறிவுரை பயன்பட்டது. ஏழை எளியோரும் நோயாளரும் நகரிலேயே எஞ்சினர். அவர்களை யார் பராமரிப்பது? கொள்ளைநோய்க் காலத்தில் ஊரைவிட்டு ஓடுதல் கிறித்தவனுக்குத் தகுமா? இவ்வினாவையே பிறெஸ்லாவு நகரத்துப் போதகர்கள், தம்முள் ஒருவரான ஜொகான் ஹெஸ் வாயிலாக மாட்டின் லூதரிடம் எழுப்பினர்.

லூதர் அதற்கு உடனே விடையிறுக்கவில்லை. 1527ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அவர் உடல் நலிவுற்றும் உளஞ் சோர்ந்தும் இருந்தார். அந்நிலையில், ஆகஸ்டு மாதத்தில் அவர் வாழ்ந்த விற்றன்பேர்க் நகரிலேயே பிளேக் தோன்றியது. பல்கலைக்கழகம் யேனா நகருக்கு இடம்பெயர்ந்தது. லூதரும் அங்கு செல்லவேண்டுமெனச் சக்சனியின் ஆட்சியாளரான கோமகன் ஜோன் பணித்தார். லூதர் செல்லவில்லை. நகரத் தேவாலயத்தின் போதகரான பூகன்ஹாகனும் வேறு சில பணியாளரும் அவருடன் தங்கினர். எஞ்சியிருந்த ஒரு சிலருக்கு லூதர் அவ்விலையுதிர்காலம் முழுவதும் யோவானின் முதலாம் நிருபம் பற்றி விரிவுரை நிகழ்த்தினார்.

அவர் எடுத்த முடிவின் விலை சிறிதன்று. அப்பொழுது அவர் மனைவி கத்தரீனா கருவுற்றிருந்தார். மூத்த மகன் ஹான்ஸ் நோயுற்றான். நகர முதல்வரின் மனைவி ஏறத்தாழ லூதரின் கைகளிலேயே உயிர் நீத்தார். முன்னர் துறவியர் மடமாக இருந்த அவர்தம் இல்லம் நோயாளர் தங்கும் மனையாக மாறியது. 1527 டிசம்பரிற் பிறந்த அவருடைய மகள் எலிசபெத் ஓராண்டு நிறையுமுன் இறந்தாள். இத்துணை இடர்களுக்கிடையே எழுதப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அச்சேறியதே ஹெஸ்ஸுக்கான அவரது மறுமொழிக் கடிதம். அது நோயாளரின் கட்டிலருகிலிருந்து எழுந்த சிந்தனை என்பது கருத்திற் கொள்ளத்தக்கது.

அக்கடிதம் ‘ஓடாதே’ என்று பொதுப்படக் கட்டளையிடவில்லை. உயிரைக் காத்துக்கொள்ளும் விழைவு இறைவனே மனிதருள் வைத்த இயல்பு என்றும், அது தன்னளவிற் குற்றமன்று என்றும் லூதர் ஏற்றுக்கொள்கிறார். எல்லோருடைய நம்பிக்கையும் ஒரே வலிமையுடையதன்று. வலியோன் சுமக்கும் பாரத்தை மெலியோன் மீது ஏற்றலாகாது. இவ்வாறு கூறிய பின்னரே அவர் தமது அளவுகோலை முன்வைக்கிறார். பிறர் எவரேனும் உன்னை நம்பியிருக்கின்றனரா என்பதே அது. போதகர், நகர முதல்வர், நீதிபதி, பொதுப்பணத்தில் ஊதியம் பெறும் மருத்துவர், காவலர் ஆகியோர் பதவியால் கட்டுண்டவர்கள். பெற்றோர் பிள்ளைகளுக்கும் பிள்ளைகள் பெற்றோருக்கும், எசமானர் ஊழியருக்கும் ஊழியர் எசமானருக்கும் கடமைப்பட்டவர்கள். வேறு துணை இல்லாதவிடத்து அயலவனே அயலவனுக்குப் பொறுப்பாளி. தமக்குரிய பணியைச் செய்யப் போதிய ஆட்கள் இருப்பின் எஞ்சியோர் செல்லலாம்; போதகர்களுக்கும் இது பொருந்தும். கைவிடப்பட்டவர் எவருமிலர் என்பதை உறுதிசெய்தபின் புறப்படுவோனைக் குறைகூற இடமில்லை. இவ்வளவுகோலின்படி, யேனாவுக்குச் சென்ற பேராசிரியர்களும் மாணவர்களும் குற்றவாளிகள் அல்லர் என்பதும் நோக்கத்தக்கது.

லூதர் கண்டித்த தரப்பு மற்றொன்றும் உண்டு. இறைவன் காப்பான் எனக் கூறி மருந்தை இகழ்ந்து, நோயுள்ள இடங்களிற் கூடித் தம் துணிவைப் பறைசாற்றியவர்களே அவர்கள். அது நம்பிக்கையன்று, இறைவனைச் சோதிக்கும் செயல் என்பது அவர் முடிபு. வீடு தீப்பற்றி எரியும்போது அதனை இறைவனின் தண்டனையென்று எண்ணி எவனும் வாளாவிருப்பதில்லை, நோயும் அத்தகையதே. ஆகையால் மருந்தை உட்கொள்ளவேண்டும்; வீட்டையும் முற்றத்தையும் தெருவையும் புகையூட்டித் தூய்மைப்படுத்தவேண்டும்; தன் உதவி தேவைப்படாத இடத்தையும் ஆளையும் தவிர்க்கவேண்டும். கவலையீனத்தாற் பிறருக்கு நோயைத் தொற்றச்செய்பவன் அவர்தம் சாவுக்குப் பொறுப்பேற்க வேண்டியவன். இவற்றோடு இடுகாட்டை ஊருக்கு வெளியே அமைப்பதன் நன்மையையும் அக்கடிதம் ஆராய்கிறது.

நோயாளர் பராமரிப்பு யாருடைய பொறுப்பு என்ற வினா அக்காலத்தில் தனித்த முக்கியத்துவம் பெற்றிருந்தது. இடைக்கால ஐரோப்பாவில் மருத்துவமனைகள் பெரும்பாலும் அறக்கொடைகளாலும் துறவியராலும் நடைபெற்றன. அறஞ்செய்தல் மறுமைக்குரிய புண்ணியத்தைத் தேடித்தரும் என்ற நம்பிக்கையே அவற்றின் அடித்தளம். 1517ஆம் ஆண்டிற் சீர்திருத்த இயக்கத்தைத் தொடக்கிவைத்த லூதரோ, நற்செயல்களால் மீட்பை ஈட்டமுடியாது என்று போதித்தவர். அவ்வியக்கம் பரவிய இடங்களில் மடங்கள் வெறுமையாயின. புண்ணியம் கிட்டாதெனின் நோயாளியின் அருகிற் சென்று உயிரை ஏன் பணயம் வைக்கவேண்டும்? சீர்திருத்தக் கொள்கையை நோக்கி எவரும் எழுப்பக்கூடிய கடினமான வினா இது. லூதரின் விடை எளிமையானது. அயலவனுக்குத் தேவை உண்டு. அதுவே போதிய காரணம். நோயாளியைப் பார்க்கச் செல்பவன் கிறிஸ்துவையே பார்க்கச் செல்கிறான் என்ற மத்தேயு நற்செய்தியின் கருத்தை அவர் இதற்கு ஆதாரமாக்கினார். மருத்துவமனைகளை நிறுவிப் பேணுதல் நல்லாட்சியின் கடமை என்றும், அவை இல்லாதவிடத்து ஒவ்வொருவரும் மற்றவருக்குச் செவிலியராதல் வேண்டும் என்றும் அவர் வற்புறுத்தினார்.

இக்கடமையுணர்வு சீர்திருத்தத் திருச்சபைக்கு மட்டும் உரியதன்று. 1576ஆம் ஆண்டில் மிலான் நகரைப் பிளேக் தாக்கியபோது, ஆளுநர் நகரைவிட்டு அகன்றார். கத்தோலிக்கப் பேராயர் கார்லோ பொறொமேயோ அங்கேயே தங்கினார். தம் மாளிகையின் திரைச்சீலைகள் ஏழைகளுக்கு ஆடையாகுமாறு செய்த அவர், வீடுகளில் அடைபட்டிருந்தோர் சாளரங்களினின்றே வழிபாட்டிற் பங்குகொள்ளுமாறு தெருச்சந்திகளிற் பலிபீடங்களை அமைப்பித்தார். கோட்பாட்டில் எதிரெதிராக நின்ற இரு திருச்சபைகளும் நோயாளியின் கட்டிலருகே ஒரே முடிவுக்கு வந்தன எனலாம்.

லூதரின் அறிவுக்கு எல்லைகள் இருந்தன என்பதையும் மறைத்தலாகாது. நச்சுக்காற்றாலும் தீய ஆவிகளாலும் நோய் பரவுகிறதென்று அவர் நம்பினார். பிளேக் நோயின் கிருமியை அலெக்சாந்தர் யெர்சின் ஹொங்கொங்கிற் கண்டறிந்தது 1894ஆம் ஆண்டிலேயாகும். எலிகளின் தெள்ளுப்பூச்சிகள் அதனைக் கடத்துவது அதன் பின்னரே புலனாயிற்று. எனவே புகையூட்டலால் விளைந்த பயன் மிகச் சிறிதாகவே இருந்திருக்கும். எனினும், அறியாத நோயின் முன்னிலையிலும் அக்காலத்துக்குக் கிடைத்த அறிவைப் பயன்படுத்தாமை அறமாகாது என்ற அவரது நிலைப்பாடு அதனாற் பழுதுபடவில்லை.

2020ஆம் ஆண்டிற் கொரோனாத் தொற்று உலகெங்கும் பரவியபோது, ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகள் பழைமையான இக்கடிதம் மீண்டும் பலராற் படிக்கப்பட்டது. வழிபாட்டுக்குக் கூடுவதா, விலகியிருப்பதா என்ற விவாதத்தில் இரு தரப்பினரும் அதிலிருந்து தமக்கேற்ற பகுதிகளை எடுத்தாண்டனர். முழுவதையும் படிப்போர்க்கு அது இரு தரப்பினருக்கும் வசதியாக அமையவில்லை என்பது விளங்கும். அஞ்சியோடுபவனிடம் ‘உன்னை நம்பியிருப்பவர் யார்?’ என்றும், அஞ்சாது திரிபவனிடம் ‘உன்னாற் சாகவிருப்பவர் யார்?’ என்றும் அது வினவுகிறது. இரு வினாக்களும் பிறரை முன்னிட்டே எழுகின்றன. 1528ஆம் ஆண்டு ஏப்பிரலிற் பல்கலைக்கழகம் விற்றன்பேர்க்குக்கு மீண்டது. அது இல்லாத மாதங்களில் அந்நகரிற் கற்பிக்கப்பட்ட பாடங்களுள் தலையாயது இவ்விரு வினாக்களுமே ஆகும்.